மேலாளர் என்னை ‘ஸ்னாப்’ செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார்: பொருள் என்ன?

பிறைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பிறையில் குடியிருந்து, தினமும் பாலம் கடந்து பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இரவுப் பணிக்குச் செல்பவன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் வழியில் ஐந்தாம் படிவம் முடித்தவன் என்பதால், ஆங்கிலம் எனக்கு வேலையிடத்தில் காதால் கேட்டுப் பழகிய மொழியே தவிர, முறையாகப் படித்த மொழி அன்று. சென்ற வாரம் அந்த மொழியின் ஒரே ஒரு சொல் என்னை நன்றாகக் கவிழ்த்துவிட்டது.

இரண்டு வரிசைகளுக்கான லேபல்கள் இடம் மாறிப்போயிருந்தன. எதை எதில் ஒட்டுவது என்று கேட்கப்போன என்னிடம் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா, எல்லோர் முன்னிலையிலும், “இப்போது என்னிடம் எதையும் கேட்காதே” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “ஸாரி ஃபார் ஸ்னாப்பிங் அட் யூ லாஸ்ட் நைட்.” நம் ஊரில் ஸ்னாப் என்றால் படம் பிடிப்பதுதானே? கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் “ஒரு ஸ்னாப் பண்ணுங்கள்” என்கிறோம். மலாய் நண்பர்களும் “ஸ்னாப் கம்பார்” என்றே சொல்கிறார்கள். ஆகவே நான் அறியாத நேரத்தில் அவர் என்னைப் படம் எடுத்துவிட்டார் போலும் என்று எண்ணி, “பரவாயில்லை, படம் நன்றாக வந்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள்” என்று பதில் எழுதிவிட்டேன். அந்த உரையாடல் இப்போது எங்கள் பிரிவில் இருக்கும் எல்லாத் தொலைபேசிகளிலும் இருக்கிறது.

அகராதியைப் புரட்டிப் பார்த்தால் கடித்தல், ஒடிதல், விரல் சொடுக்குதல், மூடிக்கொள்ளுதல், சீறுதல், படம் எடுத்தல் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத பொருள்களாக அடுக்கியிருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஏதேனும் தொடர்பு உண்டா? பேச்சில் எந்தப் பொருள் வருகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? முக்கியமாக, இதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் இருக்கிறதா? இரண்டாம் படிவம் படிக்கும் என் மகளும் கேட்கிறாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளன்

வணக்கம் பிறைவாசி. உங்கள் பதிலைப் படித்துச் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நம் நாட்டு வழக்கை மட்டும் அறிந்த யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். இந்த வினைச்சொல்லைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொல்லைப் பாருங்கள். ‘அட்’ வந்து, அதன் பின் ஓர் ஆள் வந்தால், அது எரிந்து விழுவது. ‘அப்’ வந்தால், மலிவு விற்பனையில் கிடைத்ததை மற்றவர் கை படுவதற்குள் அள்ளிக்கொள்வது. ‘ஆஃப்’ வந்தால் ஒடித்தெடுப்பது. ‘அவுட் ஆஃப் இட்’ என்று வந்தால் ஒரு மனநிலையிலிருந்து சட்டென்று மீள்வது. இதைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு சொல் எதுவும் இல்லாமல் படம் என்ற பெயர்ச்சொல்லை நேராக எடுத்துக்கொண்டால்தான் அது நீங்கள் நினைத்த ஸ்னாப். உங்கள் மேற்பார்வையாளர் ‘அட் யூ’ என்று எழுதியிருக்கிறார். ‘அட்’ இல்லாமல் ‘ஸ்னாப்பிங் யூ’ என்று எழுதியிருந்தால், படத்தை அனுப்பச் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

பொருள்களுக்கு உறவில்லை என்றீர்கள். உறவு இருக்கிறது, அதுவும் ஒரே குடும்பம். இந்தச் சொல் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு, கீழ் ஜெர்மன் வட்டாரத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள், விலங்கு வாயைத் திறந்து வெடுக்கென்று கவ்வுவது. நம் வீடுகளில் மீன்தலைக் கறிக்கு வாங்குகிறோமே, அந்த ஈக்கான் மேராவை ஆங்கிலத்தில் ‘ரெட் ஸ்னாப்பர்’ என்று அழைப்பதும் அதன் தாடையை வைத்துத்தான். நாய் கவ்வப் பாய்வது, மனிதன் நாக்கால் கவ்வப் பாய்வதாக மாறியது. இந்த இடத்தில் தமிழும் அதே வழியில் போயிருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. ஒருவர் காரணமில்லாமல் சீறினால் நாம் “வள்ளென்று விழுந்தார்” என்கிறோம் அல்லவா? அந்த ‘வள்’ நாயின் குரல். ஆகவே உங்கள் செய்தியின் நேர்த் தமிழ், “நேற்றிரவு உங்கள்மேல் வள்ளென்று விழுந்ததற்கு மன்னியுங்கள்” என்பதாகும். ‘எரிந்து விழுந்ததற்கு’ என்றாலும் சரியே.

ஆனால் ‘ஏசியதற்கு’ என்று மொழிபெயர்க்காதீர்கள். நாம் மலேசியாவில் எல்லாக் கோபத்துக்கும் ஏச்சு என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஏச்சு நீளும், அதில் குற்றப்பட்டியல் இருக்கும், சில வீடுகளில் தாத்தா காலத்துக் கதைகூட வரும். ஸ்னாப் என்பதில் நீளமே கிடையாது. ஒரு வாக்கியம், அதுவும் பாதி வாக்கியம், வெளியே வந்த வேகத்தில் முடிந்தும் போகும். சொன்னவரே அரை நிமிடத்தில் வருந்தத் தொடங்கிவிடுவார் என்பதால்தான் மறுநாள் மன்னிப்புச் செய்தி வருகிறது.

படத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஸ்னாப்ஷாட்’ என்றால் வேட்டைக்காரன் குறிபார்த்து நிற்காமல் சட்டென்று சுடுவது. 1860-இல் ஜான் ஹெர்ஷல் என்ற அறிவியலாளர் அந்தச் சொல்லை ஒளிப்படத்துக்கு எடுத்தாண்டார். அக்காலத்தில் படம் எடுக்க ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. அப்படி நிற்க வைக்காமல் ஒரு கணத்தைப் பிடித்துவிட முடியும் என்ற எண்ணமே அப்போது புதுமை. நம் ஊரில் ஐந்து முறை “கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்” என்று சொல்லி எடுப்பதையும் ஸ்னாப் என்று அழைப்பது வேறு கதை.

சௌகிட் சந்தைக்காரி

நான் மொழி படித்தவள் அல்லள். கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளாகச் சந்தைக்குப் போய்வருகிறவள். பிறைவாசி அண்ணனுக்கு இந்தச் சொல்லை வெண்டைக்காயை வைத்தே விளக்கிவிடலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

வெண்டைக்காய் வாங்கும்போது அதன் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துகிறோம். இளங்காயாக இருந்தால் ‘படக்’கென்று ஒடிந்து நுனி தனியே வந்துவிடும்; முற்றலாக இருந்தால் வளையுமே தவிர ஒடியாது, வெள்ளை நார் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் அந்த இளங்காய்தான் ‘ஸ்னாப்’ ஆகிறது. முற்றல் காய் ‘பெண்ட்’ ஆகிறது. பயற்றங்காய்க்கும் இதே சோதனைதான். கூடையில் உள்ள காயை எல்லாம் இப்படி நான் ஸ்னாப் செய்துகொண்டே போனால், கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்து ஸ்னாப் செய்வார். இரண்டு பொருளும் ஒரே கடையில் கிடைத்துவிட்டன.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. தமிழில் குச்சி ஒடிகிறது, நூல் அறுகிறது, எலும்பு முறிகிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஸ்னாப்தான் என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் அவர்களிடம் சொல்வளம் குறைவு என்று கொள்ளலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளன்

அம்மா, வெண்டைக்காய் விளக்கத்தை நான் இனி என் வகுப்பில் பயன்படுத்தப்போகிறேன்.

குறைவு என்று சொல்ல முடியாது, பங்கீடு வேறு. தமிழ் வினைச்சொல் எந்தப் பொருள் சிதைந்தது என்பதைக் கவனிக்கிறது: நாரும் நூலும் அறும், காம்பும் குச்சியும் ஒடியும், எலும்பும் மரமும் முறியும், கண்ணாடி உடையும். ஆங்கில வினை எப்படிச் சிதைந்தது என்பதைக் கவனிக்கிறது: சத்தத்தோடா, மெதுவாகவா, சுக்குநூறாகவா என்பது அதற்கு முக்கியம். கண்ணாடி நொறுங்குவதற்கு அவர்கள் ஸ்னாப் என்று சொல்வதில்லை. அதே நேரத்தில், ‘எப்படி’ என்பதைச் சொல்லத் தமிழுக்குத் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. அதை நாம் வினைக்குள் வைக்காமல் வினைக்கு முன்னால் வைக்கிறோம்: படக்கென்று ஒடிந்தது, வெடுக்கென்று பிடுங்கினான், டக்கென்று மூடிக்கொண்டது, சட்டென்று திரும்பினாள். பள்ளி இலக்கணத்தில் ஒலிக்குறிப்பு, விரைவுக்குறிப்பு என்று படித்த சொற்கள் இவையே. ஆகவே பிறைவாசியின் மூன்றாவது கேள்விக்கு என் விடை, தமிழில் இதற்கு ஒற்றைச் சொல்லைத் தேட வேண்டாம் என்பது. ஆங்கிலம் ஒரு சொல்லில் மடித்துவைத்திருப்பதை நாம் குறிப்புச்சொல், வினை என்று இரண்டாக விரித்துச் சொல்கிறோம். மொழிபெயர்க்கும்போது குறிப்புச்சொல்லை விட்டுவிட்டு “ஒடிந்தது” என்று மட்டும் எழுதினால், சேதி போய்ச் சேரும், ஓசை போய்ச் சேராது.

அரசியல் செய்திகளில் வரும் ‘ஸ்னாப் இலெக்‌ஷன்’ என்பதை விட்டுவிட்டேன். சபா மாநிலச் சட்டமன்றம் 2020 ஜூலை இறுதியில் கலைக்கப்பட்டுச் செப்டம்பர் 26-இல் வாக்களிப்பு நடந்ததே, அது போன்றது. மலாய் ஏடுகள் அதைத் திடுக்கிட வைக்கும் தேர்தல் என்ற பொருளில் ‘மெங்ஙெஜுட்’ என்று எழுதுகின்றன. திடீர்த் தேர்தல் என்ற நம் சொல்லும் பொருத்தமானதே.

ஓய்வுபெற்ற வாத்தியார், பினாங்கு

மொழிபெயர்ப்பாளர் தம்பி சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒற்றைச் சொல் இல்லை என்ற முடிவை மட்டும் ஏற்பதற்கில்லை. முழுமையாக ஒத்துவரும் சொல் இல்லை என்றால் சரி. ஆனால் ஸ்னாப்புக்கு உடன்பிறந்தாற்போல ஒரு பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. அது நொடி.

இன்று வினாடியை நொடி என்கிறோம். ஆனால் நொடித்தல் என்றால் முதலில் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சொடுக்குவது. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரைக்குத் தொல்காப்பியம் வைக்கும் அளவுகோல் “கண்ணிமை நொடியென அவ்வே” என்பது. அதாவது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம். மலாய்க்காரர் ‘பெத்திக் ஜாரி’ என்பதும் ஆங்கிலேயர் விரலை ஸ்னாப் செய்வது என்பதும் இந்தச் செயலைத்தான். அவர்கள் ஒரு வேலை எளிதாக முடியும் என்பதற்கு ‘இன் எ ஸ்னாப்’ என்கிறார்கள். நாம் ‘நொடிப்பொழுதில்’ என்கிறோம். யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. இரண்டு மொழியாரும் தங்கள் விரலிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். உறவு அத்தோடு நிற்கவும் இல்லை. வியாபாரத்தில் வீழ்ந்தவரை “நொடித்துப் போய்விட்டார்” என்கிறோமே, அங்கே நொடி என்பது முறிவு. விரலின் சொடுக்கும் வாழ்வின் முறிவும் ஆங்கிலத்தில் ஒரே வினைக்குள் இருப்பது போலவே தமிழிலும் இருக்கின்றன.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நுட்பமாக அளக்க வாத்தியார்கள் சொல்லித்தரும் பழைய நூற்பா ஒன்று உண்டு: “உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே.” இதை வாயால் சொல்லாமல் கையால் செய்து பாருங்கள். விரலை நொடிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அது கால் மாத்திரை. கட்டைவிரல்மேல் நடுவிரலை வைத்து ஊன்றுகிறீர்கள். அரை மாத்திரை ஆயிற்று. ஊன்றிய விரலை நழுவவிடாமல் முறுக்குகிறீர்கள், தோல் வெளுக்கிறது, முக்கால். விடுகிறீர்கள், நடுவிரல் உள்ளங்கையின் அடியில் போய் அறைகிறது, ஒரு மாத்திரை. ஓசை பிறப்பது கடைசிக் காலில் மட்டும். முந்தைய மூன்று காலும் ஓசையின்றி ஏறும் இறுக்கம்.

2021-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியால் விரல் சொடுக்கை அளந்த செய்தியை என் பேரன் காட்டினான். விரல் நழுவி அறையும் அந்தக் கட்டம் ஏறக்குறைய 7 மில்லிவினாடியில் முடிகிறதாம். கண் இமைக்க 150 மில்லிவினாடி ஆகிறதாம். இமையும் நொடியும் ஒரே அளவு என்று நம் முன்னோர் சொன்னது பிழையா என்று அவன் கேட்டான். பிழையன்று. ஆய்வாளர் அளந்தது விடுத்தலை மட்டும். நம்மவர் எண்ணியது உன்னல் முதல் விடுத்தல் வரை. அந்த ஆய்வாளர்கள் விரலில் உலோக உறையை மாட்டியும், வழுவழுப்பான கையுறை அணிந்தும் பார்த்தார்களாம்; உராய்வு போதாமல் சொடுக்கு மந்தமாயிற்று என்கிறார்கள். ஊன்றலும் முறுக்கலும் இல்லையென்றால் விடுத்தலுக்கு வேகம் இல்லை என்று நான் அவனுக்கு விளக்கினேன்.

இப்போது அகராதியில் உறவில்லாமல் கிடந்த பொருள்களை இந்த நூற்பாவின் அருகே வைத்துப் பாருங்கள். வெண்டைக்காய் நுனி, தேத்தண்ணீர்ப் பொட்டலத்தில் சுற்றிய ரப்பர் வளையம், மீனின் தாடை, இவை எல்லாம் முதலில் இறுகி, பிறகு ஒரே கணத்தில் விடுபடுகின்றன. ரப்பர் வளையம் அறுந்தாலும் ஸ்னாப்தான், அறாமல் சுண்டித் திரும்பி விரலில் அடித்தாலும் ஸ்னாப்தான். இரண்டிலும் விடுபடுதல் இருக்கிறது. பிறைவாசி தம்பியின் மேற்பார்வையாளரும் அப்படியே. லேபல் கேள்வி அவருக்கு நான்காவது கால் மட்டுமே. அதற்கு முன் அன்றிரவு யார் யார் எதை ஊன்றி, எதை முறுக்கினார்களோ! கேட்கப்போனவர் கடைசியாகப் போனார், ஓசை அவர்மேல் விழுந்தது.

ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அட்’ இல்லாமல், ஆளும் இல்லாமல், “ஹீ ஸ்னாப்ட்” என்று மட்டும் வந்தால் அது வள்ளென்று விழுவது அன்று. பல காலம் பொறுத்தவனின் பொறுமை அறுந்தது என்று பொருள். அதற்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்துவிட முடியாது.

பிறைவாசி

ஐயா, அம்மா, நண்பரே, மூவருக்கும் நன்றி. நேற்றுச் சாப்பாட்டு இடைவேளையில் நூற்பாவைச் சொல்லிச் சொல்லி விரலை நொடித்துப் பார்த்தேன். வேலையில் கையுறையோடு நொடிக்க முடியவில்லை, கழற்றிய பிறகே ஓசை வந்தது என்பதையும் வாத்தியார் ஐயாவின் பேரனிடம் சொல்லுங்கள்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் நேரில் பேசிவிட்டேன். அவர் அன்று மாலை முதலே மூன்று பேரின் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறார். என் பதிலைப் படித்துவிட்டு முதலில் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. ‘ஸ்னாப் அவுட் ஆஃப் இட்’ என்பதைப் பற்றிப் பின்னால் சொல்வதாக மொழிபெயர்ப்பாளர் நண்பர் குறிப்பிட்டிருந்தார். மற்றொன்று என் மகள் கேட்டது: நொடித்தல் முறிவு என்றால், குச்சி நொடித்தது என்று கட்டுரையில் எழுதலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளன்

மறந்தே போனேன். பகல்கனவில் உட்கார்ந்திருப்பவரையோ, சிறிய தோல்விக்கு முகத்தைத் தொங்கப்போட்டிருப்பவரையோ உலுக்கி எழுப்பும் சொல் அது. “போதும், உதறிவிட்டு எழுந்திரு” என்பது தமிழில் நெருங்கி வரும். ஆனால் துக்க வீட்டில் இருப்பவரிடமும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவரிடமும் இதைச் சொல்லாதீர்கள். விரல் நொடிக்கும் நேரத்தில் மீண்டுவிடலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கு அது வலிக்கும். வாத்தியார் ஐயாவின் நொடி பற்றிய விளக்கத்தைப் படித்தபின் ஒற்றைச் சொல் இல்லை என்ற என் பேச்சைப் பாதியளவு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியில் உறுதியாக இருக்கிறேன்: மீனையும் படத்தையும் மலிவு விற்பனையையும் நொடியால் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற வாத்தியார், பினாங்கு

பாதி கிடைத்ததே போதும், தம்பி.

பிறைவாசி, மகளிடம் சொல்லுங்கள்: குச்சி ஒடியும், குடும்பமும் கடையும் நொடிக்கும். கட்டுரையில் “குச்சி படக்கென்று ஒடிந்தது” என்றே எழுதட்டும். ‘படக்கென்று’ என்பதில் க் என்னும் ஒற்றை மறக்காமல் இடச் சொல்லுங்கள்.